அணங்கு என்னும் சொல்

சென்ற ஆண்டு நம் தமிழ் மன்றத்தின் தொடக்க விழாவில் வழக்கம்போல் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். பாடி முடித்து அமர்ந்ததும், விழாவைக் காண வந்திருந்த வங்க நண்பர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "ஒரு சொல் வந்தபோது மட்டும் எல்லாரும் குரலை உயர்த்தினீர்களே, 'அணங்கே' என்று, அதற்குப் பொருள் என்ன?" என்று கேட்டார். நான் சிறிதும் தயங்கவில்லை. "அழகிய பெண், தெய்வமகள்" என்று சொல்லிவிட்டேன். அவரும் தலையசைத்துக் கொண்டார்.

இரண்டு திங்கள் கழிந்தன. ஒருநாள் மாலை அவர் என் விடுதி அறைக்கு வந்தார். சமூகவியல் படிப்பவர் அவர். கையில் நூலகத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. "நீங்கள் சொன்னது ஒன்று; இந்நூல் சொல்வது வேறொன்று. பழந்தமிழர் பெண்ணிடத்தில் அணங்கு என்னும் ஆபத்தான ஆற்றல் உறைவதாக நம்பினராம். அதை அடக்கி வைக்கவே கற்பும் கைம்மை நோன்பும் ஏற்பட்டனவாம். நீங்கள் விழாவில் வாழ்த்திய சொல் இதுதானா?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. நாள்தோறும் வாயால் பாடும் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நின்றேன். ஒரு சொல்லின் பொருள்தானே என்று விட்டுவிடவும் இயலவில்லை. நம் முன்னோர் தம் தாயரையும் மகளிரையும் எவ்வாறு எண்ணினர் என்னும் பெரிய கேள்வி அச்சொல்லின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே கிடைத்த நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். அவ்வாறு நான் கண்டதையே இங்கு உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் அகராதியைப் பார்ப்போம். சென்னைப் பல்கலைக் கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 'அணங்கு' என்பதன்கீழ் ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. வருத்தம், நோய், அச்சம், கொலை என்பன ஒரு பக்கம். தெய்வம், தெய்வமகள், அழகு என்பன மற்றொரு பக்கம். நோயும் அழகும் ஒரே சொல்லில் எப்படிக் குடியிருக்க முடியும்? இப்புதிரை அவிழ்க்கும் திறவுகோல் வினைச்சொல்லில் இருக்கிறது. அணங்குதல் என்றால் வருந்துதல், துன்பத்தால் வாட்டப்படுதல். வருத்துதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு.

இதில் ஒரு வியப்பைக் காணலாம். தமிழில் தன்வினையும் பிறவினையும் பெரும்பாலும் மெல்லின வல்லின மாற்றத்தால் வேறுபடும். அடங்கு என்பது அடக்கு ஆகும்; வருந்து என்பது வருத்து ஆகும்; மயங்கு என்பது மயக்கு ஆகும். அணங்கு என்பதோ அவ்வாறு மாறாமல், அதே வடிவில் நின்று இரண்டு பொருளையும் தருகிறது. துன்பப்படுபவனும் அணங்குவான், துன்பம் தருவதும் அணங்கும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

துன்பத்தைக் குறிக்கும் சொற்கள் பழந்தமிழில் பலவாகும். அவையெல்லாம் ஒன்றுபோலத் தோன்றினும் ஒவ்வொன்றும் வேறு வகைத் துன்பத்தைச் சுட்டும். அலமரல், தெருமரல் என்னும் இரண்டும் சுழற்சியைக் குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. நிலைகொள்ளாமல் மனம் சுழலும் துன்பம் அது. செல்லல், இன்னல் என்பன இன்னாமையைக் குறிக்கும் என்றும் அவ்வியலே சொல்கிறது. அணங்கு இவற்றின் வேறானது. ஏதோ ஒன்று தன்னைத் தாக்கியிருக்கிறது என்னும் உணர்வு அதில் உண்டு. அந்த ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆனால் அது தன்னினும் வலியது என்னும் அச்சம் உடன் நிற்கும். மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகத் தொகுத்த தொல்காப்பியர், அணங்கையே முதலில் வைத்தார். விலங்கும் கள்வரும் தம் இறைவரும் அதற்குப் பின்னரே வருகின்றனர்.

இனிச் சங்கப் பாட்டுகளுக்குச் செல்வோம். நான் கண்ட சான்றுகளில் மிகச் சிறந்தது அகநானூற்றின் 22ஆம் பாட்டு. பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். கதை இதுதான். மலைநாட்டுத் தலைவன் ஒருவனிடம் ஒருத்தி காதல் கொள்கிறாள். அவனைக் காணாமல் உடல் மெலிகிறாள். வீட்டார்க்குக் காரணம் புரியவில்லை. குறி சொல்லும் முதுபெண்டிரைக் கேட்கின்றனர். முருகனை வழிபட்டால் தணியும் என்கின்றனர் அவர்கள். உடனே களம் அமைத்து, வேலனை அழைத்து, பலி கொடுத்து வெறியாட்டு எடுக்கின்றனர். அன்று நள்ளிரவில், யானையை இரையாகத் தேடும் புலிபோல ஒளிந்து ஒளிந்து, காவலைக் கடந்து காதலன் வந்து சேர்கிறான். அவனைத் தழுவிய தலைவிக்குச் சிரிப்பு வருகிறது. நோய்க்கு மருந்து இவன். வீட்டாரோ ஒரு தொடர்பும் இல்லாத வேலனுக்காக இத்தனை பாடு பட்டார்களே என்னும் சிரிப்பு அது.

இப்பாட்டின் தொடக்கத்தில் அணங்கு இருமுறை வருகிறது. தலைவனது மலை அணங்குடையது என்கிறார் புலவர். அங்கே அது பெயர்ச்சொல். அடுத்து, அவனுடைய அகன்ற மார்பு அவளை வருத்தியது என்று சொல்ல, 'அணங்கிய' என்னும் எச்சத்தை ஆள்கிறார். இங்கே அது வினைச்சொல். நண்பர்களே, இதனைச் சற்று நின்று கவனியுங்கள். வருத்தியது ஆணின் மார்பு, வருந்தியவள் பெண். இவ்விடத்தில் அணங்கைப் பெண்ணின் உடைமை என்று கொண்டால் பாட்டே தலைகீழாகிவிடும்.

நற்றிணையின் 34ஆம் பாட்டிலும் இதே நிலைமைதான். பாடியவர் பிரமசாரி. வெறியாட்டுக் களத்தில் வந்து நிற்கும் முருகனை நோக்கித் தோழி பேசுகிறாள். இவள் நோய் உன் அணங்கால் வந்தது அன்று. தலைவன் மார்பால் வந்தது. அதை அறிந்தும் வேலன் அழைத்தான் என்று வந்து நிற்கிறாயே. நீ கடவுளே ஆனாலும் அறியாமை உடையவன்தான். வாழ்க நீ என்பது அவள் பேச்சின் கருத்து. இங்கே அணங்கு என்பது முருகன் தரும் துன்பம். ஆண் தெய்வத்துக்கு உரிய அணங்கு அது.

திருமுருகாற்றுப்படையில் இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. அன்பன் வந்து வணங்கும்போது முருகன் எவ்வாறு காட்சி தருவான் என்று சொல்கிறார் நக்கீரர். வானளாவிய வடிவோடு வருபவன், அணங்கு நிறைந்த தன் உயர்நிலையை உள்ளடக்கிக் கொண்டு, மணம் கமழும் தன் இளமை நலத்தைக் காட்டுவானாம். ஏன் அடக்க வேண்டும்? அடக்காவிட்டால் எதிரே நிற்கும் எளியவன் தாங்கமாட்டான். அணங்கு என்பது நல்லதா தீயதா என்னும் கேள்வியே இங்கு எழவில்லை. பெரியது ஒன்றின்முன் சிறியவன் நிற்கும்போது உண்டாகும் நடுக்கமே அது.

மலை அணங்குடையது, கடல் அணங்குடையது, நீர்த்துறைகளில் அணங்கு உண்டு. இவ்வாறு பாடாத சங்கத்தொகை இல்லை எனலாம். தவறி விழுந்தால் உயிர் போகும் மலைமுகட்டையும், ஆழம் காணாத நீர்த்துறையையும் அக்கால மக்கள் இச்சொல்லால் குறித்தது இயல்பே அன்றோ?

வருத்தம் எப்படித் தெய்வத்தின் பெயர் ஆயிற்று என்று சிலர் வியக்கலாம். நம் வீடுகளில் இன்றும் அதற்கு ஒப்பான சொல் ஒன்று வழங்குகிறது. 'பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது' என்கிறோம். அம்மை என்பது நோயின் பெயர். அம்மை என்பதே தாயின் பெயர். அதுவே மாரியம்மனின் பெயர். வேப்பிலையைக் கட்டி, நீர் வார்த்து, நோயை விரட்டுகிறோமா, தாயை வணங்குகிறோமா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டையும் ஒன்றாகச் செய்கிறோம். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று, சொல் போகவில்லை. அணங்கு என்னும் சொல்லும் இவ்வகையைச் சேர்ந்ததே. துன்பமும் துன்பம் தரும் தெய்வமும் ஒரே பெயரில் நின்றன. அச்சத்தையும் அச்சம் தரும் தெய்வத்தையும் ஒருங்கே குறிக்கும் 'சூர்' என்னும் சொல்லும் இதற்கு உடன்பிறப்பு.

பெண்ணுக்கு இப்பெயர் வந்தது எவ்வாறு? திருக்குறளைப் பார்ப்போம். காமத்துப்பாலின் முதல் அதிகாரம், அதாவது 109ஆம் அதிகாரம், 'தகையணங்குறுத்தல்' என்னும் பெயர் உடையது. தகை என்றால் அழகு. தலைவியின் அழகு தலைவனை வருத்துதல் என்பது அத்தலைப்பின் பொருள். அதன் முதற்குறளில் தலைவன் அவளைக் கண்டு ஐயுறுகிறான்: இவள் அணங்கோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என்று. பரிமேலழகர் இங்கு அணங்கு என்பதற்குத் தெய்வமகள் என்று பொருள் கொள்கிறார். அது பொருந்தும். ஆனால் தலைப்பில் உள்ள வருத்தத்தை மறந்துவிட்டு இக்குறளைப் படித்தால், 'தேவதை போன்ற அழகி' என்னும் வெறும் புகழ்ச்சியாகிவிடும். அடுத்த குறளைப் பாருங்கள். அவள் திரும்பிப் பார்த்தது, வருத்தும் அணங்கு ஒரு படையையும் உடன் கொண்டுவந்து தாக்கியதுபோல் இருந்தது என்கிறான். தாக்குண்டவனின் முறையீடு இது. வள்ளுவரே 92ஆம் அதிகாரத்தில், வஞ்சிக்கும் மகளிரின் தழுவல் ஆராயும் அறிவில்லாதவர்க்கு அணங்கு என்கிறார். அங்கே அழகுக்கு இடமே இல்லை. கேடு மட்டுமே உண்டு. ஒரே நூலில் ஒரே சொல் இரண்டு திசையிலும் செல்வதைக் காண்கிறோம்.

ஆகச் சொல் நடந்த வழியை இப்படி வகுக்கலாம். வருத்தம், வருத்துவது, வருத்தும் தெய்வம், தெய்வமகள் போல் வருத்தும் பெண், வெறுமனே அழகிய பெண். இதை ஆண்டு வரிசை என்று எண்ணிவிடாதீர்கள். முதல் நான்கும் பழைய நூல்களிலேயே கலந்து கிடக்கின்றன. கடைசிப் படியில் மட்டும் ஒன்று உதிர்ந்துபோயிற்று. அதுவே அச்சொல்லின் உயிரான வருத்தம். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று கெட்ட வாடையைக் குறிப்பதைப் பள்ளியிலேயே படித்தோம். அது இழிந்த சொல். அணங்கோ உயர்ந்த சொல். ஆனால் உயரும்போது கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டது.

இனி என் நண்பர் கொண்டுவந்த நூலின் செய்திக்கு வருகிறேன். அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1973இல் எழுதிய கட்டுரையிலும் 1975இல் வெளியிட்ட நூலிலும் இக்கருத்தை விரித்துரைத்தார். பழந்தமிழர் கண்ட தெய்வத்தன்மை விண்ணில் இல்லை, பொருள்களிலும் இடங்களிலும் மனிதரிலும் உறைந்து, கட்டுக்கு அடங்காதபோது கேடு செய்யும் ஆற்றல் அது, அதுவே அணங்கு, பெண்ணிடம் அது சிறப்பாக உறைந்தது, கற்பு அதனை ஒழுங்கில் வைத்தது என்பது அவர் கொள்கையின் சுருக்கம். தமிழர்தம் கைம்மைக் கொடுமைக்கும் சாதித் தீட்டுக்கும்கூட இதில் வேர் தேடினார். அவருடைய தமிழ்ப் புலமை பெரிது. தலைவியின் மார்பகம் அணங்குடையது என்று கூறும் பாட்டுகள் இருப்பதும் உண்மையே.

இதனை மறுத்து 1986இல் அமெரிக்கக் கீழைநாட்டுக் கழகத்தின் இதழில் விரிவாக எழுதியவர் வி. எஸ். ராஜம் என்னும் தமிழ் அறிஞர். அணங்கு என்னும் பரந்த கருத்தைப் பெண்ணின் தெய்வ ஆற்றல் என்று சுருக்கிவிட்டனர் என்பதை அவர் தம் கட்டுரைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். இலக்கியங்களில் அச்சொல் வரும் இடங்களை எடுத்து ஆராய்ந்து, அது பெண்ணோடு மட்டும் கட்டப்பட்டதன்று என்று காட்டினார்.

இருவர் வழக்கையும் தீர்க்கும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் பாட்டுகளைப் படித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அணங்கு என்பது எப்போதும் வருந்துபவரின் பக்கம் நின்று சொல்லப்படும் சொல். காதலியை இழந்தவன் சொன்னால் அவள் கண் அணங்கு. காதலனைப் பிரிந்தவள் சொன்னால் அவன் மார்பு அணங்கு. மலையில் வழி தவறியவன் சொன்னால் மலை அணங்கு. 'சுடுகிறது' என்று ஒருவன் சொன்னால் அவன் கை சுட்டது நமக்குத் தெரிகிறது. அதுபோல, தைத்த முள்ளைக் காட்டிலும் தைக்கப்பட்ட காலைப் பற்றியே அச்சொல் நமக்கு அதிகம் அறிவிக்கிறது. ஆடவன் தன் காதல் வேதனையில் 'இவள் அணங்கு' என்று புலம்பியதை எடுத்துக்கொண்டு, பெண்ணின் இயல்பே அது என்று முடிவு கட்டினால், நோயாளியின் முனகலை மருத்துவனின் முடிவாகக் கொள்வது போலாகும்.

சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் என்னை நெடுநேரம் நிறுத்தியது. கணவனை இழந்து, கையில் ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் வாயிலில் நிற்கிறாள் கண்ணகி. அவளைக் கண்டு நடுங்கிய வாயிற்காவலன் உள்ளே ஓடி, கொற்றவை, காளி முதலிய தெய்வங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லுகிறான். அவ்வரிசையில், இறைவனை ஆடச் செய்த அணங்கும் இடம் பெறுகிறாள். காவலன் கண்டது அச்சம் தரும் தெய்வத் தோற்றத்தை. ஆனால் அங்கே நின்றவள் யார்? அந்த மதுரையிலேயே மிகுதியாக வருந்தியவள் அவள். வருந்தியவளே வருத்துபவள் ஆனாள். தன்வினையும் பிறவினையும் ஒரே வடிவில் நிற்கும் அந்தச் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எந்த இலக்கண நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் தமிழை அணங்கு என்று விளித்தார். அந்த வாழ்த்தே 1970இல் தமிழக அரசின் விழாக்களில் பாடும் பாட்டாகவும், 2021இல் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் 'தமிழணங்கு' என்னும் ஓவியத்தை வெளியிட்டதை நீங்கள் அறிவீர்கள். கரிய மேனியும் அவிழ்ந்த கூந்தலும் ழகர வேலுமாக ஆவேசத்தோடு ஆடும் பெண் அதில் இருந்தாள். சிலர் போற்றினர், தமிழ்த்தாய் இப்படியா இருப்பாள் என்று சிலர் முகம் சுளித்தனர். சுளித்தவர்கள் அழகிய பெண் என்னும் இன்றைய பொருளை மட்டும் நினைத்திருக்கலாம். அச்சொல்லின் பழைய வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால், அங்கே அமர்ந்திருப்பவளும் உண்டு, ஆடுபவளும் உண்டு.

என் வங்க நண்பரை மறுபடியும் தேநீர்க் கடையில் சந்தித்தேன். "அன்று நான் சொன்ன விடை அரைகுறை. உங்கள் நூல் சொல்வதும் முழுமையன்று. அணங்கு என்றால் ஒருவரை ஆட்டி வைப்பது. அதனால் ஆட்டப்படும் வருத்தமும் அதுவே. அது மலையாகவும் இருக்கும், முருகனாகவும் இருக்கும், ஆணின் மார்பாகவும் இருக்கும், பெண்ணின் கண்ணாகவும் இருக்கும்" என்றேன். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் உங்கள் மொழியை ஏன் அவ்வாறு அழைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஊரை விட்டு ஆயிரம் கல் கடந்து வந்து, நாள் முழுவதும் பிற மொழிகளில் பேசிக் களைத்து, இரவில் அம்மாவின் குரலைத் தொலைபேசியில் கேட்கும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று அடைக்கிறதே, அதை அவருக்குச் சொன்னேன். அவரும் கல்கத்தாவை விட்டு வந்தவர்தாம். மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை.